மஞ்சள் பானமும் எண்ணெய்த் துளியும்: கேள்வி பதில்

பீன்யாவில் பால் பானத் தயாரிப்பில் இருக்கிறேன். பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

அல்சூரிலிருந்து: அக்கா, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை எண்ணெயில் கரைத்து, வே புரதம் (பால் திரிந்து பிரியும் நீரில் உள்ள புரதம்) கலந்த தண்ணீரில் அடித்து பாட்டிலில் அடைக்கிறேன். இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடிக்கும் பாலிசார்பேட் 80-ஐயும் கொஞ்சம் சேர்த்தேன். முன்பு நின்ற அளவுகூட நிற்கவில்லை, மேலே எண்ணெய் மிதக்கிறது. எங்கே தப்பு?

சேர்த்ததுதான் தப்பு, தம்பி. இரண்டும் துளியைக் காக்கும் விதமே வேறு. வே புரதம் துளியின்மேல் ஒட்டியதும் விரிந்து, பக்கத்து மூலக்கூறுகளோடு பின்னி வலையாக இறுகும். அந்த இறுக்கம்தான் அதன் பலம். பாலிசார்பேட் சின்ன மூலக்கூறு; எங்கே பரப்பு வெறுமையானாலும் ஓடிப்போய் அடைக்கும். அதற்கு ஓட்டம்தான் பலம். இரண்டையும் கலந்தால் பாலிசார்பேட் வலையின் சந்துகளில் புகுந்து, தீவு தீவாகப் பெருகி, புரதத்தை நெருக்கும். 1999-ல் இங்கிலாந்தின் நாரிச்சில், காற்றும் தண்ணீரும் சேரும் பரப்பில் இது நடப்பதை அணுவிசை நுண்ணோக்கியில் படமாகவே எடுத்திருக்கிறார்கள். புரதம் பாதி விலகி, பாதி மிஞ்சும் நடு நிலைதான் மோசம்: வலை கிழிந்திருக்கும், மிச்சமிருக்கும் புரதம் சின்ன மூலக்கூறின் ஓட்டத்தையும் மறிக்கும். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

முதலில் புரதத்தை மட்டும் வைத்து, துளியை நன்றாகச் சிறிதாக்கிப் பாருங்கள்.

ஜெயநகரிலிருந்து: மேடம், இதே மாதிரி பானத்தில் எலுமிச்சை விட்டால் திரிகிறதே?

pH என்பது புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம். வே புரதம் pH 5 பக்கம் வந்ததும் மின்னூட்டம் இழக்கும், துளிகள் ஒன்றையொன்று தள்ளாது. நடுவில் நிறுத்தாமல் 3.5-க்குக் கீழே இறக்குங்கள், மறுபடி நிற்கும். குர்குமினுக்கும் புளிப்பு நல்லது. pH 7-ஐத் தாண்டினால் சீக்கிரம் சிதையும்.

கே.ஆர்.புரத்திலிருந்து: அப்போ ஐஸ்கிரீமில், பாலிசார்பேட் மாதிரியே சின்ன மூலக்கூறான மோனோகிளிசரைடு எதற்கு?

அருமையான கேள்வி. அங்கே புரதம் விலகுவதுதான் நமக்கு வேண்டும். மிக்ஸை 4 டிகிரியில் சில மணி நேரம் வைக்கும்போது கொழுப்பு உறையும், புரதம் கொஞ்சம் கழலும். அப்புறம் கடையும்போது கொழுப்புத் துளிகள் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு காற்றுக் குமிழிகளைத் தாங்கும். அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகி வழியும்.

மல்லேஸ்வரத்திலிருந்து: வீட்டுக்குக் கொழுப்பு நீக்கிய பால்தான் வாங்குகிறோம். மஞ்சள் போடுவது வீணா?

வீணில்லை அம்மா, பாலின் முக்கியப் புரதமான கேசின் கொஞ்சம் குர்குமினைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு நெய் விட்டால் இன்னும் நன்றாகக் கரையும்.

அல்சூர் தம்பிக்கு இன்னொன்று: தெளிந்த கண்ணாடி பாட்டில் வேண்டாம், வெயில் பட்டால் குர்குமின் நிறம் போய்விடும்.