ஸ்மார்ட் போர்டு ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் பள்ளியில் 12 வகுப்பறைகள். எல்லா அறைக்கும் ஸ்மார்ட் போர்டு, கூடவே மூன்று வருடத்துக்கான டிஜிட்டல் பாடங்கள் தருவதாக ஒரு நிறுவனத்தின் முகவர் சொல்கிறார். இந்த மாதத்துக்குள் ஒப்பந்தம் போட்டால் பயிற்சி இலவசமாம். ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்? (தலைமையாசிரியை ஒருவர்)

பதில்: இந்த மாதம் கையெழுத்துப் போடாதீர்கள். மாதக் கடைசி என்பது முகவரின் விற்பனைக் கணக்கு. உங்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் ஆசிரியர்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: கரும்பலகையில் எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளுக்குப் பிடிபடாத பாடம் எது? கணக்கு ஆசிரியர் வடிவியல் என்பார், அறிவியல் ஆசிரியர் மின்சுற்று என்பார். வடிவியலுக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருளும், மின்சுற்றுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபெட் (PhET) என்ற கணினிச் செயல்விளக்கங்களும் வகுப்பில் பயன்படுத்த இலவசமாகக் கிடைக்கின்றன. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜக்டர், ஆர்வமுள்ள இரண்டு ஆசிரியர்கள், ஒரு பருவம். தொடங்குவதற்கு இது போதும்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பொறி இதுதான்: போர்டு உங்களுடையது, பாடம் அவர்களுடையது. மூன்று வருடம் முடிந்ததும் லாகின் நின்றுவிடும். உங்கள் ஆசிரியர்கள் ராத்திரி உட்கார்ந்து தயாரித்த பாடங்களும் அந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்புகளாக உள்ளே மாட்டிக்கொள்ளும். புதுப்பித்தே ஆக வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்கு. இதில் மூன்று வருடம் என்பது நீண்ட காலமும்கூட. கல்வித் தொழில்நுட்பப் பொருட்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்கிறது யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை. அமெரிக்காவில் வாங்கிய கல்வி மென்பொருள் உரிமங்களில் சராசரியாக 67 சதவீதம் பயன்படுத்தப்படவே இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. விற்றவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் கிடையாது.

அதனால் எழுத்தில் கேளுங்கள். லாகின் இல்லாமல் போர்டு வேலை செய்யுமா? எங்கள் மடிக்கணினியை அதில் இணைக்கலாமா? ஆசிரியர் தயாரித்த பாடத்தைப் பிடிஎஃப் ஆகவாவது வெளியே எடுக்கலாமா? பழுதானால் வருவது நிறுவனமா, முகவரா? கமிஷனை வாங்கிக்கொண்ட முகவர் முதல் பழுதுக்குப் போனை எடுப்பார் என்று நம்பாதீர்கள். மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எதையும் கையெழுத்துக்கு முன்னால் கொடுக்காதீர்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கைக்காக ஆராய்ந்த 163 கல்விச் செயலிகள், தளங்களில் 145, குழந்தைகளின் தனியுரிமையை மீறும் அல்லது ஆபத்துக்குள்ளாக்கும் விதத்தில் நடந்துகொண்டதாகத் தெரியவந்தது.

செயல்விளக்கம் காட்ட வந்தால், அவர்கள் கொண்டுவரும் பளபளப்பான பாடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நாளைக்கு நடத்தவேண்டிய பாடத்தை உங்கள் கணக்கு ஆசிரியரே அதில் நடத்திப் பார்க்கட்டும். முகவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

அந்த இலவசப் பயிற்சியில் பெரும்பாலும் சொல்லித்தருவது, எப்படி ஆன் செய்வது, பேனாவின் நிறத்தை எப்படி மாற்றுவது என்பதுதான். ஆசிரியருக்கு உண்மையான சந்தேகங்கள் வருவது சில வாரம் பயன்படுத்திய பிறகு. அப்போது யாரும் வரமாட்டார்கள். மேலே இருக்கும் கல்வி அதிகாரிகளும் இதைக் கேட்பதில்லை. படிவத்தில் எத்தனை போர்டு மாட்டினீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். எத்தனை பாடவேளை அது ஓடியது, யாருக்கு என்ன புரிந்தது என்று கட்டமே இருக்காது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டம் இப்படித்தான் எண்ணிக்கையில் பெரிதாக நடந்தது. கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகள் 319இல் நடந்த ஆய்வு 2012இல் வெளியானபோது, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை. இத்தனைக்குப் பிறகும் எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருக்கிறார்களே!

பொறுங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பள்ளியில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். மற்றவர்களுக்குக் கணினி ஒரு துணை. அந்தப் பிள்ளைக்கு அதுதான் பாடப்புத்தகம். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்விடிஏ இலவச மென்பொருள், தமிழும் வாசிக்கும். பழைய விண்டோஸ் கணினி ஒன்றும் ஹெட்போனும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புத்தகப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து போட்டால் மென்பொருளுக்கு அது வெறும் படம், எழுத்தே தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கேள்வித்தாளைக் கொடுத்தால் ஆங்கில எழுத்துகளைக் கண்டபடி உளறும். நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் தட்டச்சு செய்தவருக்கே இது பிடிபடாது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினி அறிந்துகொள்ளும் யூனிகோடு முறையில் அடித்திருக்க வேண்டும். அந்த டிஜிட்டல் பாடங்களையும் இப்படி வாசிக்கவைத்துப் பார்க்கச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் சரி, அடுத்த தேர்வுக் கேள்வித்தாளை யூனிகோடில் அடிக்கச் சொல்லிவிடுங்கள். அதற்கு எந்த ஒப்பந்தமும் வேண்டாம்.