தீபாவளியும் சுகரும்: கேட்டவர்களுக்குப் பதில்

தீபாவளி நெருங்க நெருங்கக் கேள்விகள் குவிகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. சர்க்கரை நோய்ப் பிரிவில் ஊசி போடுவதையும் சாப்பாட்டுக் கணக்கையும் சொல்லித்தரும் நர்ஸ். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ இங்கே சொல்ல மாட்டேன். அதை உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், பண்டிகைக்கு முந்தின நாள் போனால் கிளினிக் கதவு பூட்டியிருக்கும்.

அம்மாவுக்கு 62 வயது. காலையும் இரவும் 30/70 இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது). தீபாவளியன்று நாலு மணிக்கே எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். காலை ஊசியை எப்போது போடுவது?

பல வீடுகளில் எழுந்தவுடன் "முதலில் ஊசி வேலையை முடிச்சிடலாம்" என்று போட்டுவிடுகிறார்கள். அப்புறம் எண்ணெய், சீயக்காய், வெந்நீர். உடம்பு சூடானால் ஊசி போட்ட இடத்தில் ரத்த ஓட்டம் கூடி, மருந்து வழக்கத்தைவிட வேகமாக உள்ளே போகும். சாப்பாடோ தள்ளிக்கொண்டே போகும். விளக்கேற்ற வேண்டும், புதுத்துணிக்கு மஞ்சள் வைக்க வேண்டும், பிள்ளைகள் முதல் சரவெடி கொளுத்த வேண்டும். ஆறரை மணிக்கு அம்மாவுக்குக் கை நடுங்கும், வியர்க்கும். குளித்த வியர்வை என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

30/70 ஊசியைச் சாதாரணமாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொல்லியிருப்பார்கள். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் சுகர் பாருங்கள், குளியலும் பூஜையும் முடியட்டும், இட்லிக் கொப்பரை அடுப்பில் ஏறிய பிறகு ஊசி. எழுந்தபோதே 70-க்குக் கீழே இருந்தால் குளியல் காத்திருக்கட்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. பக்கத்தில் இருக்கிறதே என்று மைசூர்பாகைக் கொடுக்காதீர்கள், அதிலுள்ள நெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. லட்டு பிடித்த கையோடு விரலைக் குத்தினால் மீட்டர் 300 காட்டும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

லேகியம் மருந்துதானே, சாப்பிடலாமா? வெல்லத்தில் செய்த அதிரசம் சர்க்கரை ஸ்வீட்டைவிட நல்லதா?

லேகியத்தில் சுக்கு, ஓமம், திப்பிலி இருக்கிறதுதான். கூடவே வெல்லமும் தேனும் நெய்யும். சுண்டைக்காய் அளவு போதும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவானாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசமில்லை. முறுக்கு இனிக்காது என்பதால் தட்டுத் தட்டாக உள்ளே போகிறது, அதுவும் அரிசி மாவுதான். "சுகர் ஃப்ரீ" ஸ்வீட்டில் சர்க்கரை மட்டும்தான் இருக்காது. மைதாவும் நெய்யும் அப்படியே இருக்கும், சிலவற்றைக் கூடுதலாகத் தின்றால் வயிற்றைக் கலக்கும். என்னைக் கேட்டால், பிடித்த நிஜ ஸ்வீட் ஒன்றை, சாப்பாட்டின் கடைசியில், காய்கறியும் பருப்பும் போன பிறகு ரசித்துச் சாப்பிடுவதே மேல்.

எனக்கு 29 வயது, டைப் 2, மாத்திரை எடுக்கிறேன். மனைவிக்குத் தெரியும், மாமனார் வீட்டில் தெரியாது. தலை தீபாவளிக்குப் போகிறேன். எப்படிச் சமாளிப்பது?

தம்பி, நீங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, மறைப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். மறைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? மாத்திரையைக் குளியலறையில் போய் விழுங்குவீர்கள். ஒரு வேளை விட்டுப்போகும். மாமியார் மூன்றாவது ஜாங்கிரியை இலையில் வைக்கும்போது மறுக்கக் காரணம் இருக்காது. இரவு ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு என்றால் "பசிக்குது" என்று புது மாப்பிள்ளை கேட்கவும் முடியாது. இதெல்லாம் போக, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் நாள் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பதற்றமே சுகரை ஏற்றும், தூக்கம் கெட்டால் இன்னும் ஏறும்.

உங்கள் மனைவி அவருடைய அம்மாவுக்கு முன்கூட்டியே போன் செய்யட்டும், பலகாரத்துக்கு மாவு அரைப்பதற்கு முன்பே. "அவருக்குச் சுகர் இருக்கும்மா, மாத்திரையில கண்ட்ரோலா இருக்கு. எட்டு மணிக்குச் சாப்பாடு வேணும், சுண்டலும் பொரியலும் கொஞ்சம் கூடுதலா பண்ணு" என்று சொன்னால் போதும். அனுதாபம் கேட்கிற குரலில் சொல்ல வேண்டாம், பிளட் குரூப்பைச் சொல்வது போல் சொல்லட்டும். முதல் நாள் முகம் வாடலாம். "இந்த வயசிலேயா?" என்று ஒரு பெரியப்பா ஆரம்பிப்பார். "ஆமா பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒளிவதைவிட ஒரு நாள் சங்கடம் பரவாயில்லை.

என் கணவருக்கு விசேஷ நாளென்றால் பதினோரு மணிக்கே கோபம் வந்துவிடும். விருந்தாளி முன்னாலேயே கத்துவார். சுகரால் வருமா?

வரலாம். கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு, பூஜை முடியட்டும் என்று டிபனைத் தள்ளிப்போட்டால் சுகர் இறங்கும். நடுக்கம், வியர்வையோடு எரிச்சலும் கத்தலும் அதன் அறிகுறிதான். அடுத்த முறை சண்டைக்கு முன்னால் மீட்டரை எடுங்கள். எண் சரியாக இருந்தால் கோபத்துக்குக் காரணம் வேறு.

நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று கேட்கிறேன். அவர் கை தட்டுக்குப் போகும்போது நாலு பேர் முன்னால் "எத்தனாவது இது?" என்று கேட்பீர்களா? இப்படி வீட்டில் ஒருவர் சுகர் போலீஸாக மாறியதும் நோயாளி திருட்டுத்தனமாகத் தின்னத் தொடங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். சொல்ல வேண்டியதை முந்தின இரவே தனியாகப் பேசிவிடுங்கள். பந்தியில் வேண்டாம்.

தீபாவளிக்கு அப்பா நண்பர்களோடு கொஞ்சம் குடிப்பார். சொன்னால் கேட்பதில்லை.

குடிக்காமல் இருப்பதே நல்லது. கேட்கவில்லை என்றால் வெறும் வயிற்றில் கூடாது, இது மட்டும் கட்டாயம். மதுவைச் சமாளிக்கும் நேரத்தில் கல்லீரல் சர்க்கரையைச் சரியாக வெளியே விடாது. அதனால் பல மணி நேரம் கழித்துக்கூட, தூக்கத்தில், சுகர் இறங்கலாம். உளறினால் போதை என்று விடாமல் சுகர் பாருங்கள்.

மகளுக்கு 9 வயது, டைப் 1. பாட்டி வீட்டில் மற்றக் குழந்தைகள் பலகாரம் சாப்பிடும்போது இவளை மட்டும் தள்ளி உட்கார வைக்கிறார்கள்.

ஒரு லட்டுவின் சர்க்கரைக்கு இன்சுலின் கணக்கு உண்டு. தள்ளி உட்கார வைத்ததற்குக் கிடையாது. டைப் 1 என்பது உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுவது, இனிப்புத் தின்றதால் வந்ததல்ல, இதைப் பாட்டிக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். எந்தப் பலகாரம் எத்தனை யூனிட் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, சாப்பாட்டோடு சேர்த்து ஒன்று கொடுங்கள். எதை எடுப்பது என்று அவளே முடிவு செய்யட்டும். சாயங்காலம் முழுக்க வெடியோடு ஓடி ஆடினால் இரவில் சுகர் இறங்கும் வாய்ப்பு அதிகம். படுக்கும் முன் பாருங்கள், அன்றைக்கு நடு இரவிலும் ஒருமுறை பாருங்கள்.

எனக்கு 68. மனைவி போய் எட்டு மாதம். இந்த வருஷம் வீட்டில் தீபாவளி இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். சமைக்கத் தோன்றவில்லை, மாத்திரையும் சில நாள் விட்டுப்போகிறது. சுகர் 280-க்கு மேல்.

ஐயா, 280-க்கு முன்னால் உங்களைப் பற்றிப் பேசிவிடுவோம். பண்டிகை இல்லாத வருஷத்தில் தெருவெல்லாம் வெடிச்சத்தம் கேட்க, அடுப்பு பற்றவைக்காத வீட்டில் ஒருவர் மட்டும் இருப்பது கஷ்டம். இத்தனை வருஷம் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தவர் இல்லை. விட்டுப்போவதை அலட்சியம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு கேள்வி. இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருக்கிறதா? பேப்பர், டிவி, நடை என்று முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லையா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் சுகர் டாக்டரிடமே சொல்லுங்கள். சர்க்கரை நோயோடு மனச்சோர்வு வருவது சகஜம், சிகிச்சையும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். வாழ்வதில் அர்த்தமில்லை என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

கைக்காரியமாக மூன்று சொல்கிறேன். கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்கள். மெஸ்ஸில் மதியச் சாப்பாடு சொல்லிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பிள்ளைகள் தீபாவளியன்று கூப்பிடும்போது "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடாமல் 280 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

கால் மரத்துப்போகும். வெடி வெடிக்கலாமா?

மூடிய செருப்போடு, பருத்தித் துணியோடு வெடிக்கலாம். புதுச் செருப்பை அன்றைக்கு முதல்முறை போடாதீர்கள், கடித்தாலும் உறைக்காது. இரவு உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சுட்டிருந்தால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் படட்டும். பேஸ்ட், மை, மஞ்சள் வேண்டாம். காலில் பட்ட காயத்தைச் சின்னது என்று நினைக்காமல் மறுநாளே காட்டுங்கள்.

தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம். ஆறு நாளும் பாலும் பழமும்தான். இருக்கலாமா?

டைப் 1, கர்ப்பிணி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், அடிக்கடி சுகர் இறங்குபவர் முழு விரதம் இருக்க வேண்டாம். மற்றவர்கள் டாக்டரிடம் கேட்டு மருந்தை மாற்றிக்கொண்டு இருக்கலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளை எடுப்பவர்கள் இதை அவசியம் சொல்லிக் கேட்கவும். பட்டினியோடு அவை சேர்ந்தால், மீட்டரில் எண் ரொம்ப ஏறாமலேயே உடம்பில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்றால் ஆஸ்பத்திரிதான். விரலைக் குத்திச் சுகர் பார்த்தால் விரதம் கெடாது. 70-க்குக் கீழே போனால் விரதத்தை முடித்துக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன வருஷம் தீபாவளி மதியம் 286 காட்டியது. அழுதுவிட்டேன். மறுநாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன். இந்த வருஷமும் பயமாக இருக்கிறது.

ஒரு மதியத்து 286, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யைப் பெரிதாக அசைக்காது. மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்ததுதான் அதைவிட ஆபத்தான காரியம். அப்படி ஏறினால் தண்ணீர் குடித்துவிட்டு, கால் மணி நடந்துவிட்டு, அடுத்த வேளை வழக்கம் போலச் சாப்பிடுங்கள். 300-க்கு மேலேயே நின்றால், அல்லது வாந்தி இருந்தால் டாக்டர்.

உண்மையில் கணக்கைக் கெடுப்பது அன்றைய இலை கிடையாது. அக்கம்பக்கம், அலுவலகம், சம்பந்தி வீடு என்று வந்து, ஃபிரிட்ஜ் மேல் இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கும் டப்பாக்கள். மூன்றாம் நாள் காலையில், ஆளுக்கு இரண்டு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை வீட்டு வேலைக்கு வருபவர், வாட்ச்மேன், தெருப்பிள்ளைகள் என்று கொடுத்து முடித்துவிடுங்கள். பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வெறும் வயிற்றுச் சுகர் 130-க்குக் கீழே வரவில்லை என்றால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.