ஊரப்பாக்கத்தில் பிளாட் வாங்கிப் போடலாமா?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 46. கையில் 25 லட்சம் இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் பக்கம், ஊரப்பாக்கத்தில் எட்டு வருடப் பழைய டபுள் பெட்ரூம் பிளாட் 50 லட்சத்துக்கு வருகிறது. 14,000 வாடகை வருமாம். "பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு, அடுத்து மெட்ரோ. இந்த ஏரியா இனி இறங்கவே இறங்காது" என்கிறார் புரோக்கர். மிச்சத்துக்கு லோன் போட்டு முதலீடாக வாங்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: டீச்சர், முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 50 லட்சத்துக்கு நாலரை லட்சம் அங்கேயே போய்விடும். புரோக்கர் கமிஷன், வக்கீல் செலவு எல்லாம் சேர்த்தால் 30 லட்சம் லோன் இல்லாமல் முடியாது. 60 வயதில் ஓய்வு என்பதால் 14 வருடத்துக்குள் அடைக்க வேண்டும். எட்டரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 30,600 ரூபாய். வாடகையில் மெயின்டனன்ஸ், சொத்து வரி, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, பெயின்ட் எல்லாம் போக பத்தாயிரம் நின்றால் பெரிது. ஆக மாதம் இருபதாயிரத்தை உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். விலை நன்றாக ஏறினால்தான் இதற்கு அர்த்தம்.

ஏறுமா? பேருந்து முனையத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். இடையில் விற்றவர்கள் சும்மா இருந்திருப்பார்களா? உங்களிடம் கேட்கும் 50 லட்சத்துக்குள்ளேயே அந்த பஸ் ஸ்டாண்டும் இருக்கிறது. கொஞ்சம் மெட்ரோவும் இருக்கும்.

இன்னொன்று. மயிலாப்பூரில் புதிதாக ஒரு கட்டடம் எழும்ப வேண்டுமென்றால் பழையதை இடித்தாக வேண்டும். வண்டலூர் தாண்டி செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் அப்படியில்லை, உள்ளே தள்ளிப் போனால் காலி நிலம் இன்னும் இருக்கிறது. நீங்கள் விற்க நினைக்கும் வருடம், ஒரு கிலோமீட்டர் தள்ளி லிப்ட்டும் கார் பார்க்கிங்குமாகப் புது பிளாட் நிற்கும். வாங்க வருபவர் உங்கள் பதினைந்து வருடக் கட்டடத்துக்கு ஏன் வரப்போகிறார்? கட்டடம் தேயும், நிலம்தான் ஏறும். உங்கள் பங்குக்கு எத்தனை சதுர அடி நிலம், அதாவது யூ.டி.எஸ். எவ்வளவு என்று புரோக்கர் சொன்னாரா? கடிதத்தில் இல்லை. பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

ஏரியா நிஜமாகவே ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இப்போது விற்பவர் எட்டு வருடத்துக்கு முன்னால் எவ்வளவுக்கு வாங்கினார் என்று கேளுங்கள். சொத்தின் பழைய பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அப்போதெல்லாம் புது பிளாட்டுக்கு நிலப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டாகப் போடுவார்கள். இரண்டையும் கூட்டினால்தான் அவர் போட்ட பணம் தெரியும். பேச்சுக்கு 38 லட்சம் என்று வையுங்கள். எட்டு வருடத்தில் 50 ஆகியிருந்தால் வருடத்துக்கு மூன்றரை சதவீதம்கூட இல்லை. பேங்க் டெபாசிட் இதைவிட மேல்.

ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் குடியிருப்புக்கு எதிரே நின்று, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். வாட்ச்மேனிடம் எத்தனை வீட்டுச் சாவி இருக்கிறது என்று பேச்சுவாக்கில் விசாரியுங்கள். வாடகைக்கு ஆள் கிடைக்குமா என்பது புரோக்கரைவிட அவருக்குத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போனால் இன்னும் நல்லது. தெருவில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

என்னைக் கேட்டால், முதலீடாக இதை வாங்க வேண்டாம். சென்னைக்கே குடிபோகப் போகிறீர்கள் என்றால் வேறு பேச்சு. அப்போதும் லோனை 15 லட்சத்துக்குள் நிறுத்துங்கள். அந்தக் கட்டுமான ஒப்பந்தத்தைக் காட்ட புரோக்கர் தயங்கினால் மேலே பேச வேண்டாம். தஞ்சாவூர் பஸ் கிளாம்பாக்கத்திலிருந்தே கிளம்புகிறது.