கொல்லையில் வைக்கச் சுழலும் உர டிரம்மை நாமே செய்துகொள்ள முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். சமையலறைக் கழிவையும் சருகையும் போட்டுச் சுற்றி உரமாக்கும் டிரம் இரண்டு, எங்கள் கொல்லையில் மூன்று வருடமாக மாறி மாறி ஓடுகின்றன. நான் பட்ட கஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் நடு அச்சுக்கு பிவிசி பைப் போடாதீர்கள். காலி டிரம்மைச் சுற்றும்போது நன்றாகத்தான் இருக்கும். பாதி டிரம் ஈரக் குப்பை என்றால் 50, 60 கிலோ வந்துவிடும். மூன்றாவது வாரமே பைப் வில்லாக வளைந்து, டிரம் ஸ்டாண்டில் உரசி நின்றுவிட்டது. எல்லாவற்றையும் வெளியே வாரிப்போட்டு ஒன்றரை அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மாற்றினேன். அதன் பிறகு பிரச்சினையே இல்லை.

பழைய டிரம் கடையில் 200 லிட்டர் நீல டிரம் கிடைக்கும். அதில் முன்பு என்ன வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். ஊறுகாய், எண்ணெய் வந்தது என்றால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம். ஆசிட், பூச்சிமருந்து வந்த டிரம் வேண்டவே வேண்டாம். இந்த உரம் நாம் சாப்பிடும் கீரைக்குப் போகிறது. டிரம்மைப் படுக்க வைத்து, இரண்டு முனையிலும் நட்டநடுவே துளையிட்டு பைப்பை நுழையுங்கள். பக்கவாட்டில் ஒரு அடி சதுரத்துக்கு வெட்டி, வெட்டிய துண்டையே கீலும் கொக்கியும் போட்டுக் கதவாக்கிவிடலாம். காற்றுக்குச் சுற்றிலும் 10 மி.மீ. துளைகள். ஸ்டாண்டு, வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஆங்கிளில் (L வடிவ இரும்புப் பட்டை) அடித்துத் தருவார்கள்.

பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. உள்சுவர் வழவழப்பாக இருந்தால் குப்பை புரளாது, வழுக்கும். நாளடைவில் உருண்டை பிடித்துவிடும். கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள்: மேலே காய்ந்திருக்கும், உள்ளே கறுத்து அழுகல் வாடை அடிக்கும். அதற்கு உட்சுவரில் நீளவாக்கில் இரண்டு ஆங்கிள் துண்டுகளை போல்ட் போட்டு முடுக்குங்கள். குப்பையைத் தூக்கித் தூக்கிப் போட்டு உடைத்துவிடும்.

ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு சேருங்கள். வெயில் காலத்தில் காய்ந்துபோனால் புளித்த மோரை நீர்க்க விட்டுத் தெளியுங்கள். முக்கால் டிரம்முக்கு மேல் நிரப்பினால் புரள இடம் இருக்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை நாலைந்து சுற்றுப் போதும். மண்புழு மட்டும் விட்டுவிடாதீர்கள். நன்றாக வேலை செய்யும் டிரம்மில் சூடு 50 டிகிரியைத் தாண்டும், புழுவுக்கு 35 டிகிரிக்கு மேல் தாங்காது.

இரண்டாவது டிரம் எதற்கு என்றால், தினமும் புதுக் குப்பை விழுந்துகொண்டே இருந்தால் எந்த உரமும் முடிவுக்கு வராது. ஒன்று நிறைந்ததும் கதவைச் சாத்தி, சுற்ற மட்டும் செய்யுங்கள். எங்களுக்கு இரண்டு மாதம் ஆகிறது. அப்புறம் நிழலில் கொட்டி இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுச் சலித்தால், மழை பெய்த மண் வாசனை வரும். சல்லடையில் நிற்கும் கப்பியை அடுத்த டிரம்மில் போட்டுவிடுங்கள், அது சீக்கிரம் சூடு பிடிக்கும்.