ரங்காராவ் மாதிரி வரவேண்டுமாம்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பையன் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் நடிக்கப் போகிறேன் என்கிறான். அப்பா அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். நடுவில் மாட்டிக்கொண்டவர் நீங்கள். இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "ஹீரோ ஆகணும்னு சொல்லலை சார், எஸ்.வி. ரங்காராவ் மாதிரி வரணும்னு சொல்றான்." இந்த வயதுப் பையன் வாயில் அந்தப் பழைய குணச்சித்திர நடிகரின் பெயரா! பாட்டியோடு உட்கார்ந்து பழைய படம் பார்த்து வளர்ந்தவன் போலிருக்கிறது.

அவன் ரங்காராவைப் பிடித்துக்கொண்டது உங்களுக்கு நல்லதுதான். படிப்பை முடி என்று நீங்களும் நானும் ஆயிரம் முறை சொன்னாலும் ஏறாது. ரங்காராவின் கதையை அவனுக்கு முழுசாகச் சொல்லுங்கள், ஏறும்.

அவர் பிறந்தது 1918 ஜூலை 3, இன்றைய ஆந்திராவின் நூஜிவீடு. அன்று அது சென்னை மாகாணம். நாடக ஆசை சிறு வயதிலேயே வந்துவிட்டது. ஆனாலும் பி.எஸ்சி. வரை படித்தார். காக்கிநாடாவில் யங் மென்ஸ் ஹேப்பி கிளப் என்று ஓர் அமெச்சூர் நாடகக் குழு இருந்தது. பிற்பாடு பெரிய நடிகையான அஞ்சலி தேவியும் அங்கிருந்து வந்தவர்தான். ரங்காராவ் அங்கே மேடையேறினார். ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களில் அவருக்குத் தனி ஈடுபாடு. பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா? தீயணைப்புத் துறையில் அதிகாரி வேலை. மசூலிப்பட்டினத்திலும் விஜயநகரத்திலும் அந்த வேலை பார்த்தார்.

1947-இல் 'வரூதினி' என்ற தெலுங்குப் படத்தில் வாய்ப்பு வந்தது. அதுவும் கதாநாயகனாக. படம் ஓடவில்லை. அடுத்த வாய்ப்பும் வரவில்லை. முப்பதை நெருங்கும் வயது, கல்யாணமும் ஆகிவிட்டது. அவர் சென்னையிலேயே கிடந்து கம்பெனி கம்பெனியாக அலையவில்லை. ஜாம்ஷெட்பூருக்குப் போய் டாடா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இந்த இடத்தை உங்கள் மகனிடம் இரண்டு முறை சொல்லுங்கள். பட்டமும் வேலை பார்த்த அனுபவமும் கையில் இருந்ததால்தான் முதல் அடி விழுந்தபோது எழுந்து போக ஓர் இடம் இருந்தது.

அப்புறம் மறுபடி சினிமா அழைத்தது. சில சின்ன வேடங்கள். 1950-இல் விஜயா புரொடக்‌ஷன்ஸின் முதல் படமான 'ஷாவுகார்' படத்தில் ஒரு ரவுடி. அடுத்த ஆண்டு அதே கம்பெனியின் 'பாதாள பைரவி'யில் நேபாள மந்திரவாதி. தெலுங்கிலும் தமிழிலும் வந்த அந்தப் படத்தோடு அவர் வாழ்க்கை மாறிவிட்டது. அப்போது வயது 32. உங்கள் மகனுக்கு 32 ஆக இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். கதாநாயகன் ஆசைப்படும் பையனுக்கு வயது ஏற ஏறப் படபடப்பு வருவதில் ஓரளவு நியாயம் உண்டு. குணச்சித்திர நடிகருக்கு அந்தப் படபடப்பே தேவையில்லை. வயது ஏற ஏறத்தான் வேடங்கள் கூடும். இருபது வயதில் அவனுக்கு என்ன வேடம் கிடைக்கும்? நாயகனின் நண்பர்கள் நாலு பேரில் ஒருவன், டீக்கடையில் நின்று சிரிக்கிறவன், அவ்வளவுதான்.

1955-இல் 'மிஸ்ஸியம்மா' வந்தபோது ரங்காராவுக்கு 36. சாவித்திரிக்கு அப்பாவாக நடித்தார். ஜோடியாக நடித்த ஜெமினி கணேசனுக்கும் ரங்காராவுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். 1960-இல் 'படிக்காத மேதை'யில் சிவாஜியை வளர்த்து ஆளாக்கும் பெரியவர். நிஜத்தில் சிவாஜி அவரைவிடப் பத்து வயதுதான் இளையவர். 1965-இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் நாயகிக்கு அப்பா, அதாவது எம்.ஜி.ஆருக்கு வருங்கால மாமனார். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917, ரங்காராவ் 1918. மாப்பிள்ளையைவிட மாமனார் சின்னவர்! பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. நடை, குரல், நாற்காலியில் உட்காரும் விதம், துண்டைத் தோளில் போடும் விதம் என்று எல்லாவற்றிலும் வயதைக் கொண்டுவந்துவிடுவார். பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தையும் ஆபீசையும் அதிகாரியின் மேஜையையும் கவனித்துப் பார்த்தவருக்குத்தான் இது கைவரும் என்பது என் அபிப்பிராயம். தீயணைப்பு நிலையத்தில் கழிந்த வருடங்கள் வீண் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு வீட்டுப்பாடமும் சொல்கிறேன், நீங்களும் கூடவே உட்கார்ந்து பாருங்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, டி.எஸ். பாலையா கேட்டு நடுங்குவாரே, அந்தக் காட்சி. நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வசனம் முழுக்க எதிராளிக்கு. பாலையா கேட்க மட்டும்தான் செய்கிறார். ஆனால் அந்தக் காட்சியைத் தாங்குவதே அவர் முகம்தான். எதிரே இருப்பவர் பேசும்போது கேட்கத் தெரிவது குணச்சித்திர நடிப்பில் பாதி. ஆடிஷனில் வசனத்தை ஒப்பித்துவிட்டு, அடுத்தவர் பேசும்போது சும்மா நிற்கிற பையன்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இனி கசப்பான பகுதி. ரங்காராவ் 'நர்த்தனசாலா'வில் கீசகனாக நடித்ததற்கு 1964-இல் ஜகார்த்தா ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். இரண்டு மொழிகளில் நூற்றைம்பது படங்களுக்கு மேல் நடித்தார். 1974-இல் சென்னையில் மாரடைப்பில் போனபோது வயது 56. அவரோடு அதே நாடகக் குழுக்களில் இருந்து, அதே ரயிலேறிச் சென்னைக்கு வந்து, பெயரே தெரியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ. ஜெயித்தவரை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, படம் நின்றுபோனால் பாக்கிப் பணம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை உங்கள் வீட்டுக்காரர் கத்திச் சொல்கிறார், நான் நிதானமாகச் சொல்கிறேன். விஷயம் ஒன்றுதான்.

"அந்தக் காலத்துல யாரு டிகிரி படிச்சாங்க?" என்று பையன் மடக்குவான். அதில் உண்மையும் இருக்கிறது. பாலையா, எம்.என். நம்பியார் போன்றவர்கள் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்கள். நம்பியார் சிறுவனாகவே நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அங்கே சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. பாட்டு, வசன உச்சரிப்பு, மனப்பாடம், ஊர் ஊராக மேடை என்று வருடக்கணக்கில் கடுமையான பயிற்சி. அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அந்தப் பாய்ஸ் கம்பெனிகள் இன்று இல்லை. கல்லூரியை விட்டுவிட்டு வடபழனியில் ரூம் எடுத்துத் தங்குவது அதற்கு ஈடாகாது. நாகேஷைப் பாருங்கள், ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டேதான் நாடகம் போட்டார். நம் காலத்திலும், விஜய் சேதுபதி துபாயில் கணக்கர் வேலை பார்த்தவர். பின்பு கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவுக்குள் போனதும் கணக்கு எழுதும் ஆளாகத்தான். உங்கள் மகன் படிப்பது பி.காம். என்பதை அவனுக்கு நினைவுபடுத்துங்கள்.

பட்டம் வேண்டும் என்பதற்கு வெறும் பாதுகாப்பு மட்டும் காரணமில்லை. டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் சேரப் பட்டதாரியாக இருக்க வேண்டும். அதோடு குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்த அனுபவம் வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அங்கே இடம் கிடைத்துவிட்டால் உதவித்தொகையும் தருகிறார்கள். புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புப் படிப்புக்கும் பட்டம் அவசியம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலை படிக்கலாம், அதற்கும் இளங்கலை முடித்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டால் நல்ல கதவுகள் எல்லாம் அவனே சாத்திக்கொண்டவை ஆகிவிடும். தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது முதன்மையாக ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு, ஒலி ஆகியவற்றுக்கான இடம். நடிப்புக்கு என்று அங்கே போக வேண்டாம்.

சரி, இன்னும் இருக்கிற ஒன்றரை வருடத்தில் அவன் என்ன செய்யலாம்? கல்லூரி நாடகக் குழுவில் சேரட்டும். இல்லாவிட்டால் அவனே ஆரம்பிக்கட்டும். அந்த ஆறு நாடகக் கணக்கு இங்கேயே தொடங்கலாம். நோட்டீஸ், புகைப்படம், சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் சென்னையில் நவீன நாடகக் குழுக்கள் நடத்தும் பயிலரங்குகளுக்கு அனுப்புங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்று வந்த பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் நடித்த படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், அவனுடைய வழி எதுவென்று புரியும். இன்னொரு மொழி கற்கட்டும், தெலுங்கோ மலையாளமோ. ரங்காராவ் இரண்டு மொழிகளிலும் தானே பேசி நடித்தவர், இரண்டு ஊர்ச் சந்தையும் அவருக்குத் திறந்திருந்தது. உச்சரிப்பு சுத்தமாக இருந்தால் டப்பிங் பக்கமும் கொஞ்சம் வருமானம் பார்க்கலாம்.

பட்டம் வாங்கியதும் நேரம் கொஞ்சம் வளைந்துகொடுக்கிற ஒரு வேலை. கணக்கு எழுதுவது, ஜி.எஸ்.டி. வேலை, ஷிப்டில் ஓடும் அலுவலகம், எதுவானாலும் சரி. அதோடு நாடகம், குறும்படம், ஆடிஷன். மூன்று வருடம் கொடுங்கள். மூன்றாம் வருட முடிவில் நடிப்பிலிருந்து எவ்வளவு பணம் வந்தது, யார் யார் இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள் என்று அவனே ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டட்டும். இரண்டாவது தடவை கூப்பிடுவதுதான் முக்கியம். முதல் தடவை யாரும் யாரையும் கூப்பிடுவார்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சை நிறுத்துவதால் பையன் ஆசையை விடப் போவதில்லை, வீட்டுக்குத் தெரியாமல் செய்வான், அவ்வளவுதான். தெரியாமல் செய்கிற பையன்களிடம்தான் ஏமாற்றுக்காரர்கள் பணம் பிடுங்குகிறார்கள். "முதலில் டிகிரி, அதுவரை நாடகத்துக்கு நான் தடை சொல்ல மாட்டேன்" என்று அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

கடைசியாக, அந்த ஒன்றேகால் லட்சம் விஷயம். 'போர்ட்ஃபோலியோவுக்கும் சங்க கார்டுக்கும்' என்று ஒரு ஏஜென்சி கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். நடிக்கத் தேர்வு செய்கிறவர்கள் நடிகனுக்குப் பணம் கொடுப்பார்களே தவிர, அவனிடம் வாங்க மாட்டார்கள். முகம் தெளிவாகத் தெரிகிற நாலு புகைப்படமும், செல்போனில் எடுத்த இரண்டு நிமிட நடிப்பு வீடியோவும் தொடக்கத்துக்குப் போதும். நடிகர் சங்க உறுப்பினர் விதிகளை யார் வழியாகவும் கேட்க வேண்டாம், சங்க அலுவலகத்திலேயே நேரில் விசாரிக்கலாம். ஏஜென்சிக்காரர் மறுபடி போன் செய்தால், எந்தப் படம், எந்தத் தயாரிப்பு நிறுவனம், என்ன வேடம், எத்தனை நாள் கால்ஷீட், என்ன சம்பளம் என்று லெட்டர்பேடில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அநேகமாக அதற்குப் பிறகு போன் வராது. வந்தால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.