ரயில் ரயில் என்றே இருக்கும் மகன்: குறைக்கவா, கொண்டாடவா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் இருக்கிறது. எந்நேரமும் ரயில் நினைப்புதான். திருச்சி வழியாகப் போகும் ரயில்களின் எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். "இதையே பேசவிட்டால் வேறெதுவும் மண்டையில் ஏறாது, சொன்ன வேலையை முடித்தால் மட்டும் ரயில் வீடியோ காட்டுங்கள்" என்கிறார் பயிற்சி தருபவர். மாமியாருக்கும் இதே கவலை. எனக்கோ அவன் பிறந்தநாளை ரயில் பிறந்தநாளாகவே கொண்டாட ஆசை. செய்யலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் ஆசையில் எந்தத் தவறும் இல்லை.

மருத்துவக் கையேடுகளில் 'குறுகிய, மிகத் தீவிரமான ஆர்வம்' என்பது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அறிகுறி என்று எழுதிவிட்டதாலேயே அதைக் குறைத்தாக வேண்டும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 2005-ல் டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை வேறு விதமாக விளக்கினார்கள். நம் கவனம் ஒரே நேரத்தில் பல பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து நிற்கும். ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் ஒன்றிரண்டு விஷயங்களில் மொத்தமாகப் பாயும். லாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். இந்த விளக்கத்தைப் படித்த பிறகுதான் என்னிடம் வரும் பிள்ளைகள் எனக்குச் சரியாகப் புரிந்தார்கள்.

அதில் ஒருவனுக்கு மின்விசிறி என்றால் உயிர். மூன்று வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் மேலே பார்த்து, "இந்த ஃபேன் ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது?" என்று சும்மா சொல்லிவைத்தேன். "கெப்பாசிட்டர் போயிடுச்சு" என்றான். அதுதான் என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு. மறுவாரம் எலக்ட்ரீஷியன் வந்து கெப்பாசிட்டரை மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

அதனால்தான் ரயிலைப் பரிசுப்பொருளாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைக்கு மனம் ஆறும் இடத்தைப் பூட்டிவைத்து, வேலை செய்தால்தான் சாவி என்கிறோம். கொஞ்ச நாள் சொன்னபடி செய்வான். அப்புறம் ரயில் கிடைக்குமா கிடைக்காதா என்ற பதற்றமே அவனுக்குப் பெரிதாகிவிடும். பயிற்சியாளரிடம் சண்டை வேண்டாம். "ரயிலைப் பரிசாகத் தராமல், ரயிலை வைத்தே பாடம் நடத்த முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கால அட்டவணையில் இல்லாத கணக்கா? 5.10-க்கு வர வேண்டிய வண்டி 40 நிமிடம் தாமதம் என்றால் எப்போது வரும்? மணி பார்க்கவும் கூட்டவும் பிள்ளை தானாகவே பழகிவிடுவான்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, அவனிடம் கற்றுக்கொள்வது. 12653 மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், 12635 வைகை என்று அவன் ஒப்பித்தால் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். "இரண்டும் ஏன் 126-லேயே தொடங்குகின்றன? பூஜ்யத்தில் தொடங்கும் ரயிலும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பூஜ்யத்தில் தொடங்குபவை சிறப்பு ரயில்கள். அவனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர அரை நிமிடம்கூட ஆகலாம்.

விளையாட்டிலிருந்து சாப்பாட்டுக்கு அழைக்கவும் ரயிலே உதவும். "இன்னும் ஐந்து நிமிடம்" என்பதைவிட, "லால்குடி வந்தாச்சு, அரியலூரில் இறங்கணும்" என்பது அவனுக்குத் தெளிவாகப் புரியும்.

ஆனால் அவன் முகத்தைக் கவனியுங்கள். ரயிலைப் பற்றிப் பேசும்போது மலர்கிறானா, இறுகுகிறானா? தூக்கமும் சாப்பாடும் கெட்டால், நிறுத்த முடியாமல் தவித்தால், பெரும்பாலும் அடியில் வேறொரு பதற்றம் இருக்கும். பள்ளியிலா வீட்டிலா, எங்கே என்று தேடுங்கள். இன்னொன்று, பாதுகாப்பு. ரயிலை நேசிக்கும் பிள்ளை தண்டவாளத்தை நோக்கி ஓடக்கூடும். மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்பதைப் படம் வரைந்து, வீட்டுத் தரையில் கோடு போட்டு, முதலிலேயே பழக்குங்கள். அவன் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். நிலையத்தில் அவன் கை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

சரி, பிறந்தநாளுக்கு வருவோம். கூட்டம் கூட்டாதீர்கள். நடைமேடைச் சீட்டு 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். அவனுக்கு அதுவே போதும். கூட்டம் குறைவான நேரமாகப் பாருங்கள். எந்த வண்டியைப் பார்ப்பது என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும். ஹாரனும் ஒலிபெருக்கியும் சில பிள்ளைகளுக்கு வலிக்கும். காதை மூடும் ஹெட்போன் கையில் இருக்கட்டும். கேக், மெழுகுவத்தி எல்லாம் வீட்டில்தான். உங்கள் ஊரிலேயே பொன்மலைப் பணிமனை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலையேறும் நீராவி இன்ஜின்களை அங்கே செய்திருக்கிறார்கள். இன்னொரு நாள் பணிமனைப் பக்கம் அழைத்துப்போய், வெளியே நின்றபடியே அந்தக் கதையைச் சொல்லுங்கள். ஒருவேளை அவன்தான் உங்களுக்குச் சொல்வான்.

மாமியாரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை பையனுக்கு ஒரு மேசை போட்டு, அட்டையில் வெட்டிய டிக்கெட்டுகளைக் கொடுங்கள். பாட்டி வந்து நின்று, "தம்பி, விழுப்புரம் போகணும், எந்த வண்டி?" என்று கேட்கட்டும்.