பிரீமியம் குறைந்த ‘கட்டாஸ்ட்ரோபிக்’ காப்பீடு எதற்குப் பணம் தரும்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். மகளுக்கு அடுத்த மாதம் 26 வயது நிறைவதால், எங்கள் மருத்துவக் காப்பீட்டில் அவள் தொடர முடியாது. பகுதிநேர வேலைதான், அங்கே காப்பீடு கிடையாது. பிரீமியம் குறைவு என்று ‘கட்டாஸ்ட்ரோபிக்’ திட்டத்தில் சேரப்போகிறேன் என்கிறாள். சேரலாமா?

பதில்: பெரிய விபத்தோ கடும் நோயோ வந்தால் குடும்பம் கடனில் மூழ்காமல் காப்பதற்காகவே இத்திட்டம் உள்ளது. 30 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் உங்கள் மகள் இதில் சேரலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்குச் சிறப்பு விலக்கு வேண்டும்.

அறுவை சிகிச்சை, மகப்பேறு, மனநலம், மருந்து என மார்க்கெட்பிளேஸின் (அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தை) மற்றத் திட்டங்கள் ஏற்கும் அடிப்படைச் சிகிச்சைகள் இதிலும் உண்டு. ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி மறுக்கவும் முடியாது. ஆனால் ‘டிடக்டபிள்’, அதாவது ஆண்டுதோறும் முதலில் நம் கையிலிருந்து செலவழிக்க வேண்டிய தொகை, மிகப் பெரியது. 2025-ஆம் ஆண்டில் அது ஒருவருக்கு 9,200 டாலராக இருந்தது. தடுப்பூசி போன்ற நோய்த்தடுப்புச் சேவைகளுக்கும், ஆண்டுக்கு மூன்று முறை பொது மருத்துவரைப் பார்ப்பதற்கும் மட்டும் அந்தத் தொகை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உதாரணமாக, அந்த 2025 கணக்கின்படி, மகள் முழங்காலில் அடிபட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறாள், காப்பீட்டு நிறுவனம் பேசி வைத்த கட்டணம் 1,200 டாலர் என்று கொள்வோம். வீட்டுக்கு வரும் விளக்கத் தாளில் நிறுவனம் செலுத்தியது பூஜ்யம் என்றும், நீங்கள் செலுத்த வேண்டியது 1,200 என்றும் இருக்கும். அதே ஆண்டில் குடல்வால் அறுவை சிகிச்சைக்கு 30,000 டாலர் ஆனால், அவள் மேலும் 8,000 கட்டினால் போதும். மீதி 22,000 டாலரும், அவ்வாண்டு முடியும்வரை நெட்வொர்க்குக்குள், அதாவது நிறுவனத்துடன் ஒப்பந்தம் உள்ள மருத்துவர்களிடமும் மருத்துவமனைகளிலும், பெறும் மற்றச் சிகிச்சைகளின் செலவும் நிறுவனத்தின் பொறுப்பு.

ஆகவே இவ்வளவு பெரிய டிடக்டபிளை எப்படிப் புரட்டுவது என்பதை முதலில் யோசியுங்கள். அதைவிட முக்கியமாக, அரசு தரும் பிரீமியம் மானியத்தை இத்திட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. பகுதிநேர வருமானம் உள்ளவருக்கு, மானியம் கழித்த ‘சில்வர்’ திட்டம் (மார்க்கெட்பிளேஸின் நடுத்தர வகை) இதைவிடக் குறைந்த செலவில் அமையக்கூடும். வருமானம் மிகக் குறைவானால் மெடிக்கெய்டு என்னும் அரசு மருத்துவ உதவிக்கும் தகுதி கிடைக்கலாம். இவற்றை ஒப்பிடாமல் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

தொலைபேசியில் அழைத்து விற்கப்படும் குறுகிய காலத் திட்டங்களைக் ‘கட்டாஸ்ட்ரோபிக்’ திட்டம் என்று நம்பிவிடாதீர்கள். பழைய நோயைக் காரணம் காட்டி அவை கைவிரிக்கலாம். உங்கள் காப்பீட்டிலிருந்து மகள் நீங்கும் நாளுக்கு முன்னும் பின்னும் தலா 60 நாட்கள் மார்க்கெட்பிளேஸில் சேர அவகாசம் உண்டு. இடைவெளி விழாதிருக்க இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.